கீமோ எடுப்பவர்களுக்கு ஏற்ற சாப்பாடு, காரைக்குடியில்

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறும்போது பலருக்கு வாய் புண்ணாகும்; எதைச் சாப்பிட்டாலும் இரும்பு வாடை அடிக்கும். மிளகும் வரமிளகாயும் அரைத்துப் போடும் நம் ஊரில் இவர்கள் பாடு பெரும்பாடு. புற்றுநோய் மருத்துவரான எனக்கு இது தினசரிக் கவலை.

கழனிவாசல் பக்கம் ஓர் ஆச்சி வீட்டிலேயே மெஸ் நடத்துகிறார். முதல் நாளே சொல்லிவிட்டால் காரமில்லாமல் தனியாகச் சமைப்பார். குழைவான இடியாப்பம், ஏலக்காய் தட்டிப்போட்ட தேங்காய்ப்பால், அதுவும் இளஞ்சூட்டில். தொண்டைக்குக் கதிர்வீச்சு முடித்த என் நோயாளி ஒருவர் மெதுவாக விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க ஆச்சி" என்றார். வாரக்கணக்கில் எடை இறங்கிக்கொண்டிருந்தவர். அந்த வார்த்தைக்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்!

கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் குறையும். அப்போது பச்சையாக எதுவும் வேண்டாம் என்று ஆச்சியிடம் சொன்னேன். "சரி டாக்டர்" என்றவர், அன்றிலிருந்து வேகவைத்ததை மட்டுமே சுடச்சுடக் கட்டித் தருகிறார். கவுனி அரிசி மட்டும் இன்னும் நன்றாகக் குழைய வேண்டும்.

வாசல்படி உயரம், கைப்பிடியும் இல்லை. நடக்கத் தெம்பில்லாதவர்களுக்குப் பார்சல்தான் நல்லது. ஞாயிறு விடுமுறை.