தாண்டிக்குடி ஏற்றத்துக்குக் கிராவல் சைக்கிளா, ஹார்டுடெயிலா?

பழனி மலையின் சந்தடியில்லாத பாதைகளில் சைக்கிள் ஓட்ட நினைப்பவர்களிடம் இப்போது இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. ஒன்று, வளைந்த ஹேண்டில்பாரும் 40 மில்லிமீட்டர் டயரும் கொண்ட கிராவல் சைக்கிள். மற்றொன்று ஹார்டுடெயில், அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் அமைப்பு) உள்ள மலை சைக்கிள். இரண்டையும் இந்தப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு நான் வாங்கியது ஹார்டுடெயில். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பேசுவது கொடைக்கானல் ஏரியைச் சுற்றுவதைப் பற்றி அல்ல. சித்தரேவிலிருந்து பெரும்பாறை, மங்களங்கொம்பு வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறி, பண்ணைக்காடு பக்கம் போகும் கீழ்ப்பழனி மலைப் பகுதி இது. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். தார்ச்சாலையில் பஸ்ஸும் ஜீப்பும் எப்போதாவது வரும். அதிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குள் பிரிந்து செல்லும் ஜீப் பாதைகளுக்காகத்தான் நான் அங்கே போகிறேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். நடுநடுவே மலைவாழை நிற்கும். பல பாதைகள் தனியார் தோட்டத்துக்குச் சொந்தமானவை என்பதால், கேட்டில் இருக்கும் காவலரிடம் கேட்டு, அவர் விட்டால் மட்டுமே உள்ளே போக வேண்டும்.

அந்தப் பாதையின் தரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சமமான இடங்களில் செம்மண். ஏறும் இடங்களில் மழைநீர் மண்ணை அரித்துக் கொண்டுபோய், கைப்பிடி அளவுக் கற்கள் மட்டும் ஒட்டாமல் உருண்டு கிடக்கும். மிகச் செங்குத்தான வளைவுகளில் ஜீப்பின் சக்கரம் ஏறுவதற்காக இரண்டு சிமெண்ட் பட்டைகள் போட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அந்தப் பட்டைகளின் ஓரத்தில் பாசி பிடித்துவிடும். பட்டையின் நடுவை விட்டு ஒரு சாண் விலகினால் டயர் வழுக்கும்.

எல்லோரும் சொல்கிற வேறுபாடுகளை நானும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறேன். கிராவல் சைக்கிள் எடை குறைந்தது; தாரில் வேகமானது; கையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வசதியானது. ஹார்டுடெயிலின் டயர் அகலமானது. கற்களின் அதிர்வு கைக்குக் குறைவாகவே வரும். இதையெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். விலையும் ஒரே தரத்தில் பார்த்தால் என் தேர்வை மாற்றும் அளவுக்கு வேறுபடவில்லை.

கடையில் யாரும் வாய்திறக்காத விஷயம், ஆகக் குறைந்த கியர். என்னைப் பொறுத்தவரை இந்த மலையில் தேர்வைத் தீர்மானிப்பது அது ஒன்றுதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். பரவலாகக் கிடைக்கும் ஷிமானோ நிறுவனத்தின் ஜிஆர்எக்ஸ் கியர் தொகுதி பொருத்திய கிராவல் சைக்கிளில் முன்னால், பெடலோடு சேர்ந்து, 46, 30 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள். பின்சக்கரத்தில் 11 முதல் 34 பற்கள் வரை உள்ள பல்சக்கரங்கள். ஆகக் குறைந்த கியரில் 30-ஐ 34-ஆல் வகுத்தால் 0.88. பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் சைக்கிள் ஏறக்குறைய 1.9 மீட்டர் முன்னேறும். ஷிமானோ டியோர் 12 கியர் தொகுதி கொண்ட ஹார்டுடெயிலில் முன்னால் 32 பற்கள், பின்னால் 51 வரை. வகுத்தால் 0.63, ஒரு சுற்றுக்குச் சுமார் 1.4 மீட்டர்.

அரை மீட்டர்தானே என்று தோன்றும். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் உயரும் கல்பாதையில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பதாகவும் வையுங்கள். கிராவலில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் வரும். அதற்கு ஏறத்தாழ 225 வாட் சக்தி வேண்டும். ஹார்டுடெயிலில் வேகம் 5 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதன் கூடுதல் எடையைச் சேர்த்தாலும் 175 வாட்டுக்குள் முடிந்துவிடும். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிற ஒருவரால் 225 வாட்டை ஐந்து நிமிடம் தாங்க முடியலாம். தாண்டிக்குடி ஏற்றம் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை.

சக்தி போதாதபோது கால் தானாகவே மெதுவாகும். கிராவலில் சுற்று 45-க்கு இறங்கிவிடும். அப்போது ஒவ்வொரு மிதியும் முழங்காலில் ஏறுகிறது. அதைவிட முக்கியமானது பின்சக்கரத்துக்கு நேர்வது. மெதுவாக, பலமாக மிதிக்கும்போது சக்கரத்துக்கு விசை வெட்டி வெட்டிப் போகிறது; உருளும் கல்லின் மேல் டயர் பிடிப்பை இழந்து சுழன்றுவிடுகிறது. சைக்கிள் நின்றுவிட்டால் அந்தச் சரிவில் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்புவது கடினம்; தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். லேசான கியரில் கால் சீராகச் சுற்றும். டயரும் கல்லைப் பற்றிக்கொண்டே போகும். அகல டயரால்தான் ஹார்டுடெயில் ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டயருக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு அந்த 51 பல் சக்கரத்துக்கு.

இறக்கத்திலும் ஹார்டுடெயில் பக்கமே நான். விலை குறைந்த கிராவல் சைக்கிள்களில் பெரும்பாலும் கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் பேட் தேயத் தேயக் கம்பியை முறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஆயில் பிரேக் தேய்மானத்துக்கு ஏற்பத் தானே நகர்ந்து கொடுக்கும். நேர் ஹேண்டில்பாரில் ஒரு விரலே பிரேக்குக்குப் போதும். திருப்பத்தில் காட்டுமாடு நிற்கக்கூடிய மலையில் இது சின்ன விஷயமல்ல. யானை நடமாட்டமும் உள்ள பகுதி என்பதால் விடிந்த பிறகு கிளம்பி, வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

பராமரிப்பில் கிராவல் வெல்கிறது என்பதை மறைக்க முடியாது. சஸ்பென்ஷன் ஃோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை, ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். சேற்றில் ஓட்டினால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வேலைக்கு நான் மதுரைக்குப் போகிறேன். கிராவலின் ஃபோர்க்குக்கு இந்தத் தொல்லையே இல்லை.

கொடைக்கானலில் தங்கிக்கொண்டு பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலைக் கிராமங்களுக்குப் போகிறவர் என்றால் என் வாதம் வலுவிழக்கிறது. அங்கே பெரும்பகுதி தார்ச்சாலை, தூரம் அதிகம், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். பூம்பாறைப் படிக்கட்டு வயல்களைப் பார்த்தபடி போகும் அந்தச் சாலையில் கிராவல் சைக்கிள் தரும் ஓட்டத்தை ஹார்டுடெயில் தராது. அங்கே மட்டும் ஓட்டுவதாக இருந்தால் நானே கிராவல்தான் வாங்கியிருப்பேன்.

கிராவலிலேயே லேசான கியர் கிடைக்காதா என்றால், கிடைக்கிறது. 2023-இல் வந்த ஜிஆர்எக்ஸ் 12 கியர் தொகுதியில் பின்னால் 51 பல் வரை போகலாம். முன்னால் 40 பற்கள் இருந்தால் விகிதம் 0.78. நண்பர் ஒருவரின் சைக்கிளில் அதைக் கொஞ்ச தூரமே ஓட்டியிருக்கிறேன். தோட்டப் பாதையில் சோதித்துப் பார்க்கவில்லை. கணக்குப்படி அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிராவல்தான் வேண்டும் என்று மனம் வைத்துவிட்டவர்கள் கடையில் வண்ணத்தைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: பின்னால் அதிகபட்சம் எத்தனை பல் போடலாம்? முன் பல்சக்கரத்தை 36 பல்லுக்கோ 34 பல்லுக்கோ மாற்ற அந்த கிராங்கில் (பெடல் பொருந்தும் தண்டில்) இடம் இருக்கிறதா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், அந்தச் சைக்கிளைத் தாண்டிக்குடிக்கு எண்ணி வாங்க வேண்டாம்.