இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு முன் சர்ஜிக்கல் கடையில்: எதை வாங்கலாம், எதை விடலாம்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று சொன்னதுமே சர்ஜிக்கல் கடையில் ஐந்தாறு பொருட்களை எடுத்து வைத்துவிடுவார்கள்: வாக்கர், கம்மோடு ரெய்சர் (கம்மோட்டின் மேல் வைத்து உயரத்தைக் கூட்டும் இருக்கை), குளியல் ஸ்டூல், காலுக்கு இடையில் வைக்கும் தலையணை, குனியாமல் பொருளை எடுக்க உதவும் நீளக் கிடுக்கி. எல்லா வீட்டுக்கும் இதுதான் என்றும் சொல்வார்கள். கிடுக்கியைத் தவிர, அப்படி எல்லோருக்கும் பொருந்துகிற பொருள் இதில் ஒன்றுகூட இல்லை. கடைக்குக் கிளம்புமுன் இன்ச் டேப்பை எடுத்து ஒரே ஒரு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டுக்குள் போடப்போகும் செருப்போடு, தரையிலிருந்து முழங்காலின் பின்குழி வரை அளந்துகொள்ளுங்கள். அதோடு 2 அங்குலம் கூட்டுங்கள். கட்டில், நாற்காலி, கழிப்பறை, குளியல் ஸ்டூல் என்று அவர் உட்காரும் எல்லா இடத்துக்கும் இதுதான் உயரம். காரணம் எளிது. இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனில், தொடைக்கும் உடம்புக்கும் இடையிலான மடிப்பு 90 டிகிரியைத் தாண்டினால் புது மூட்டின் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவ வழி உண்டு. கால்மேல் கால் போடுவதும், ஆபரேஷன் செய்த காலின் பாதத்தை உள்பக்கம் திருப்புவதும் அதே ஆபத்துதான். இடுப்பு முழங்காலைவிட மேலே இருந்தால் 90 டிகிரிக்கு உள்ளேயே இருப்பீர்கள். பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் வரை இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்வார்கள். முன்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் விதிகளே வேறு. அங்கே காலைப் பின்னால் நீட்டுவதும் வெளிப்பக்கம் திருப்புவதும்தான் கவலை. உங்களுக்கு எந்தப் பக்கம், எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகு பொருள் வாங்குங்கள்.

முதலில் கம்மோடு ரெய்சர். பணம் வீணாவதும் ஆபத்து ஒளிந்திருப்பதும் இதில்தான் அதிகம். 2, 4, 6 அங்குல உயரங்களில் கிடைக்கிறது. உயரமானதுதான் நல்லது என்று 6 அங்குலத்தைக் கையில் கொடுப்பார்கள். 5 அடி உயரமுள்ள ஒரு பெண்மணிக்கு முழங்கால் பின்குழி 15 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவை 17. கம்மோட்டின் பீங்கான் விளிம்பும் 15 அங்குலம் என்றால் 2 அங்குல ரெய்சரே போதும். 6 அங்குலத்தை வைத்தால் 21 ஆகிவிடும். இரண்டு பாதமும் தொங்கும். பாதம் தரையில் ஊன்றாவிட்டால் உடம்பு முன்னால் சறுக்கிக்கொண்டே வரும், எழுந்திருக்க உந்துவதற்குப் பிடிமானம் இருக்காது, தொடையின் பின்பக்கம் விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். அளக்கும்போது மூடியையும் பிளாஸ்டிக் சீட்டையும் தூக்கிவிட்டு வெறும் பீங்கான் விளிம்பை அளக்கவேண்டும்; பெரும்பாலான ரெய்சர்கள் அதன்மேல்தான் உட்காரும்.

அடுத்தது பூட்டு. பூட்டே இல்லாமல் சும்மா எடுத்து வைக்கும் ரகத்தை வாங்கவே வேண்டாம். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அப்படியே நழுவும். முன்னால் ஒரே ஒரு திருகு உள்ளதில் முன்பக்கம் பிடித்து நின்றாலும் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடும். இரண்டு பக்கமும் கவ்வும் பூட்டு உள்ளதுதான் எங்கள் தேர்வு. பொருத்தியதும் நேராகப் போய் உட்காராதீர்கள். பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் இடமும் வலமும் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். விரல் அகலம் நகர்ந்தால்கூடப் பூட்டு சரியாக விழவில்லை என்று அர்த்தம். நேற்று இறுக்கிய திருகு இன்று தளர்ந்திருக்கும். தினமும் காலையில் வீட்டில் ஒருவர் இதைச் சோதிக்கவேண்டும். சிறுநீர் அடிவிளிம்பில் தேங்கி நாற்றம் பிடிக்கும் என்பதால் தினம் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். டாய்லெட் ஆசிட் மட்டும் வேண்டாம், பூட்டின் உலோகத்தை அரித்துவிடும்.

நம் ஊர் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பழைய வீடுகளில் ஆங்கிலோ இந்தியன் கம்மோடு இருக்கும். மேலே ஏறிக் குந்தவும் இடம் விட்டு, அகல விளிம்போடு வந்தது. பெரும்பாலான ரெய்சர்களின் பூட்டு அந்த விளிம்பைக் கவ்வாது. புது வீடுகளில் சதுர வாக்கில் வரும் கம்மோட்டிலும் இதே கதைதான்: வட்ட ரெய்சர் நான்கு மூலையிலும் இடைவெளி விட்டு நிற்கும். இந்த இரண்டுக்கும் ரெய்சரை மறந்துவிட்டு, நான்கு கால் உள்ள கம்மோடு நாற்காலியை வாங்குங்கள். அடியில் உள்ள வாளியை எடுத்துவிட்டுக் கம்மோட்டுக்கு மேலேயே நிறுத்தலாம், கைப்பிடி கூடவே வந்துவிடுகிறது, கால் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம், இரவில் வாளியோடு கட்டிலருகே போட்டுக்கொள்ளலாம். வாங்குமுன் இரண்டு அளவு பாருங்கள்: நாற்காலியின் இரண்டு கால்களுக்கு நடுவில் உங்கள் கம்மோடு நுழைகிறதா, பின்பக்கக் குறுக்குக் கம்பி ஃபிளஷ் தொட்டியில் இடிக்கிறதா. இடித்தால் நாற்காலி முன்னால் தள்ளி நிற்கும், ஓட்டை குழிக்கு நேராக வராது.

இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டுக்கு, குழிக்கு மேல் போடும் ஸ்டூல் விற்கிறார்கள். சமதளத்தில் பதித்த பீங்கான் என்றால், நான்கு காலும் டைல்ஸில் ஊன்றி, உயரமும் சரியாக இருந்தால் சமாளிக்கலாம். ஒரு படி ஏறிப் போகும் மேடை வைத்த டாய்லெட்டில் வேண்டவே வேண்டாம். ஸ்டூலின் கால் மேடை விளிம்புக்கு வந்துவிடும், உட்காருபவருக்குப் பாதம் வைக்க இடமில்லை. அந்த வீடுகளில் ஆரம்ப வாரங்களுக்கு அறைக்குள்ளேயே வாளி வைத்த கம்மோடு நாற்காலிதான் சரி. கூச்சமாக இருக்கும், அதைப் பொருட்படுத்தவேண்டாம்.

ஹெல்த் ஃபாசெட்டையும் கவனியுங்கள். சுவரில் பின்னால் தள்ளி மாட்டியிருந்தால் அதை எடுக்க உடம்பைத் திருகவேண்டி வரும். ஹோஸை நீளமானதாக மாற்றி, கொக்கியை உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கழுவும்போது முன்னால் குனியாமல், காலைச் சற்று நீட்டி முதுகை நிமிர்த்தியே வைத்திருக்கவேண்டும். ரெய்சரில் முன்பக்கமோ பின்பக்கமோ கை நுழைய வெட்டு விட்டிருக்கிறார்களா என்று கடையிலேயே பாருங்கள். தண்ணீர் விட்டுக் கழுவும் நமக்கு இது அவசியம்.

குளியலறையில் விற்பனைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. குளியல் ஸ்டூலை மட்டும் உயர்த்தினால் போதாது, பக்கெட்டையும் உயர்த்தவேண்டும். 18 அங்குல ஸ்டூலில் உட்கார்ந்து தரையில் இருக்கும் பக்கெட்டில் மக்கை விட்டு மொண்டால், ஒவ்வொரு மக்குக்கும் இடுப்பு 90 டிகிரியைத் தாண்டி மடிகிறது. ஒரு குளியலில் இருபது முப்பது தடவை. பக்கெட்டை இன்னொரு கனமான ஸ்டூல்மேல் வையுங்கள், அதுவும் எதிரில் இல்லாமல் பக்கத்தில். சோப்பு நழுவி விழுந்தால் யோசிக்குமுன்பே உடம்பு குனிந்துவிடும். அதனால் பழைய நைலான் வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். வார்ப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஈர டைல்ஸில் கால் விரிந்து சறுக்கும். அலுமினியக் கால், ரப்பர் புஷ், ஓட்டை போட்ட இருக்கை உள்ளதை எடுங்கள். நான்கு காலிலும் பொத்தான் ஒரே எண்ணிக்கை ஓட்டையில் நிற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நல்லெண்ணெய்க் குளியல் இந்தக் காலத்தில் அந்தக் குளியலறையில் யாருக்குமே வேண்டாம். டைல்ஸில் படிந்த எண்ணெய் ஒரு முறை கழுவினால் போகாது.

சுவரில் பிடிக்கும் கம்பியில் உறிஞ்சு ரப்பர் வைத்து ஒட்டும் ரகத்தை நம்பாதீர்கள். டைல்ஸ் இணைப்புக் கோட்டில் காற்று புகுந்தால் சொல்லாமல் கழன்றுவரும். துண்டு போடும் கம்பியும் ஆள் எடையைத் தாங்காது. துருப்பிடிக்காத எஸ்எஸ் 304 கம்பியை, பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும் நீள ஆங்கர் போல்ட்டில் இறுக்கச் சொல்லுங்கள். துளை போடும்போது மணல் மணலாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் வெறும் பூச்சு. நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

வாக்கர் விஷயத்தில், சக்கரமில்லாத மடக்கு அலுமினிய வாக்கரே நம் வீடுகளுக்கு ஏற்றது. நிலைப்படியும் குளியலறைத் தடுப்பும் உள்ள இடத்தில் முன்சக்கரம் முட்டி நிற்கும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் பிடி இருக்கவேண்டும். அடிப்பக்கம்தான் அகலம் என்பதால், தரையில் நிற்கும் நான்கு ரப்பர் புஷ்களின் வெளி அகலத்தை அளந்து குளியலறை வாசலோடு ஒப்பிடுங்கள். கதவு முழுக்கத் திறந்தபின் எஞ்சும் இடைவெளிதான் கணக்கு, நிலைச்சட்ட அளவு இல்லை. ஓர் அங்குலம் குறைந்தால் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திரை தொங்கவிடலாம். உள்ளே விழுந்தால் கதவு தடுக்காது என்பது கூடுதல் நன்மை. திரை தரையைத் தொடவேண்டாம்.

குளியலறைத் தரை பொதுவாக அறையைவிடத் தாழ்ந்திருக்கும். உள்ளே இறங்கும்போது முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். வெளியே ஏறும்போது வாக்கர், நல்ல கால், ஆபரேஷன் கால். மாடிப்படியிலும் ஏற நல்ல கால், இறங்க ஆபரேஷன் கால்தான். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக்கூடாது, அது உங்கள்மேலேயே சாயும். ஆபரேஷன் காலை முன்னால் நீட்டி, நாற்காலிக் கைகளை ஊன்றி எழுந்து, நின்ற பிறகு வாக்கருக்குக் கை மாறவேண்டும். இதனால்தான் கைப்பிடி இல்லாத நாற்காலிக்கு வீட்டில் வேலையில்லை. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியும் ஊன்றும்போது வளைந்து கால் விரிகிறது. கனமான மர நாற்காலி இருந்து உயரம் மட்டும் போதாவிட்டால், மெத்தைக் கடையில் ரீபாண்டட் ஃபோம் 3 அங்குலத்தில் இருக்கை அளவுக்கு வெட்டி ரெக்ஸின் உறை போடச் சொல்லுங்கள். சாதாரண மஞ்சள் ஸ்பாஞ்ச் உட்கார்ந்ததும் பாதியாக அமுங்கும். உயரத்தை எப்போதும் ஆள் உட்கார்ந்து அமுங்கிய பிறகு அளக்கவேண்டும். கட்டிலுக்கும் இதேதான்: தாழ்ந்த திவானின் நான்கு காலுக்கும் ஒரே கனத்தில், கால் பதியக் குழி தோண்டிய மரக்கட்டை தச்சரிடம் கிடைக்கும். குழியில்லாத செங்கல்லை அடுக்கினால் ஒரு நாள் நழுவும்.

காலிடைத் தலையணைக்குத் தனியாகச் செலவழிக்க அவசியமில்லை. ஆஸ்பத்திரியில் முக்கோணத் தலையணை கொடுத்தால் அதையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் நன்றாக அடைத்த இலவம்பஞ்சுத் தலையணை போதும். ஃபைபர் தலையணை சீக்கிரம் தட்டையாகிவிடும். கிடுக்கி கட்டாயம் வேண்டும். கடையில் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தரையில் போட்டு எடுத்துப் பாருங்கள், பிறகு ஒரு லுங்கியைத் தூக்கிப் பாருங்கள். நாணயம் நழுவினால் வாய் ரப்பர் சரியில்லை, துணி நழுவினால் விசைக் கம்பி தளர்வு. சமையல் கேஸின் ரெகுலேட்டர் மேடைக்கு அடியில் தாழ்வாக இருக்கும். அதற்குக் கிடுக்கி உதவாது, வேறொருவர்தான் மூடித் திறக்கவேண்டும். நீளக் கைப்பிடி ஷூ ஹார்ன், சாக்ஸ் மாட்டும் கருவி இரண்டையும் விட்டுவிடலாம். பின்வார் உள்ள, ஒட்டும் பட்டைச் செருப்பு இருந்தால் போதும். ஹவாய் செருப்பு வேண்டாம். நைட்டியும் புடவையும் கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும், வாக்கர் காலில் சிக்கும் துணி அதுதான். உடுத்தும்போது ஆபரேஷன் காலை முதலில் விடுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள்.

இவ்வளவு செய்தும் திடீரென்று இடுப்பில் கடும் வலி வந்து, கால் குட்டையானதுபோலத் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியாமல் போனால் மூட்டு நழுவியிருக்கலாம். இழுத்து நேராக்கப் பார்க்காமல், படுத்த நிலையிலேயே வைத்து 108ஐ அழையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அதற்கும் 108தான்.

வாக்கரும் கம்மோடு நாற்காலியும் பல ஊர்களில் மாத வாடகைக்குக் கிடைக்கின்றன, தாராளமாக எடுக்கலாம். எடுக்கும்போது மடக்குப் பூட்டு டக்கென்று விழுகிறதா, ஓட்டையில் பொத்தான் முழுதாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் புஷ்ஷின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் அந்த நான்கையும் அங்கேயே புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். குழாயின் வெளிவிட்டத்துக்கு ஏற்பப் புஷ் அளவு மாறும், அதனால் வாக்கரைக் கையில் வைத்துக்கொண்டே வாங்கவேண்டும். ரெய்சரை மட்டும் வாடகைக்கு எடுக்காமல் புதிதாக வாங்கி, ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே பொருத்திவிடுங்கள். வலியில்லாத பக்கத்து ஆள் ஒருவர் அல்ல, ஆபரேஷனுக்குப் போகிறவரே அதில் உட்கார்ந்து எழுந்து பார்க்கவேண்டும். பூட்டு பொருந்தாவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ள அப்போதுதான் நாள் இருக்கும்.