சிபிஏவா, ஈஏவா, மென்பொருளா: அமெரிக்காவில் வரிக்கணக்கை யாரிடம் கொடுப்பது?

ஜனவரி கடைசியில் கம்பெனி தரும் வருடச் சம்பள அறிக்கையான டபிள்யூ-2 வந்து சேர்ந்ததும், அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "நல்ல சிபிஏ யாராவது தெரியுமா?" உடனே நாலைந்து போன் நம்பர்கள் வந்து விழும். அந்த நம்பர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் உண்மையில் சிபிஏதானா, அதாவது மாநில உரிமம் பெற்ற கணக்காளர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு ரிட்டர்ன் தயாரிக்க மத்திய அரசு கேட்பது பிடின் என்ற பதிவு எண்ணை மட்டும்தான். தேர்வு ஒன்று வைக்க அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் முயன்றது. அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா, ஒரேகான் மாதிரி சில மாநிலங்கள் சொந்த விதி வைத்திருக்கின்றன. மற்ற பல இடங்களில் கடை திறந்தவரெல்லாம் 'டாக்ஸ் கன்சல்டன்ட்'தான்.

ஒப்பிடுவதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சி எடிசனில் கணவன், மனைவி இருவரும் ஹெச்-1பி, ஐடி வேலை. கம்பெனி ஆர்எஸ்யூ, அதாவது சம்பளத்தின் பகுதியாக ஷேர், கொடுக்கிறது. சென்னை வேளச்சேரியில் வாடகைக்கு விட்ட ஒரு ஃபிளாட், வெளிநாட்டு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ டெபாசிட், அமெரிக்கா வந்த காலத்தில் ஆரம்பித்து நிறுத்தாமல் ஓடும் நான்கு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி. நம்மவர்களில் இது ரொம்பச் சாதாரணமான குடும்பம். அமெரிக்க வரிப் படிவங்களுக்குத்தான் இது சாதாரணம் இல்லை.

முதலில் டர்போடாக்ஸ் வகை மென்பொருள். சம்பளம், வங்கி வட்டி, அமெரிக்காவில் வாங்கிய ஷேர், இவ்வளவுதான் என்றால் இதற்கு மேல் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஆர்எஸ்யூவில் மட்டும் கவனம் வேண்டும். 50 டாலர் விலையில் 100 ஷேர் கைக்கு வந்தால் அந்த 5,000 டாலர் ஏற்கெனவே டபிள்யூ-2 சம்பளத்துக்குள் ஏறியிருக்கும். 52-க்கு விற்றால் லாபம் 200. ஆனால் புரோக்கர் அனுப்பும் 1099-பி விற்பனை அறிக்கையில் வாங்கிய விலை பூஜ்யம் என்றோ காலியாகவோ இருப்பதுண்டு. அப்படியே ஏற்றினால் 5,200-க்கும் வரி கட்டுவீர்கள், அதாவது அந்த 5,000-க்கு இரண்டாம் தடவை. சரியான விலை புரோக்கர் தரும் துணை அறிக்கையில் இருக்கும். அதைப் பார்த்துத் திருத்த வேண்டியது நீங்கள்தான்.

நம் எடிசன் குடும்பத்துக்கு மென்பொருள் ஃபிளாட் வரைக்கும் எப்படியோ வண்டியை ஓட்டிவிடும். மியூச்சுவல் ஃபண்டில் நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு வேண்டிய 8621 படிவம் டர்போடாக்ஸில் கிடையாது. மாணவராக வந்து, வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான 1040-என்ஆர் படிவம் போட வேண்டியவர்களுக்கும் அது உதவாது. அவர்களுக்கு ஸ்பிரின்டாக்ஸ் இருக்கிறது. இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் உண்டு. மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இது இல்லாததால், பழக்கமில்லாதவர்கள் இதை எளிதாக விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து ஹெச் அண்ட் ஆர் பிளாக் மாதிரி சங்கிலிக் கடைகள். அங்கே எதிரில் உட்காருபவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீசனுக்கு மட்டும் பயிற்சி பெற்று வந்தவராக இருக்கலாம், பல வருட ஈஏவாகவும் (மத்திய அரசு உரிமம் பெற்ற வரி நிபுணர்) இருக்கலாம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "வெளிநாட்டு வருமானம் பார்க்கிற ஈஏ வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் காலியாக இருப்பவரிடம் அனுப்புவார்கள்.

மூன்றாவது, ஜனவரியில் தானாகப் போன் செய்து "சார், போன வருஷம் ரீஃபண்ட் எவ்ளோ வந்துச்சு? நாங்க அதைவிட அதிகமா வாங்கித் தர்றோம்" என்று ஆரம்பிக்கும் நிறுவனங்கள். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்காமல் ரீஃபண்ட் தொகை சொல்பவரிடம் எனக்கு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ரீஃபண்டில் சதவீதம் கேட்பவரைத் தவிர்க்கச் சொல்லி ஐஆர்எஸ்ஸே எச்சரிக்கிறது. இன்னொரு அடையாளமும் இருக்கிறது. 1040 என்ற ரிட்டர்ன் படிவத்தின் இரண்டாம் பக்கத்தின் அடியில், பணம் பெற்றுத் தயாரித்தவர் கையெழுத்தும் பிடினும் போடும் கட்டம் உண்டு. அது காலியாக இருந்தாலோ, நீங்களே தயாரித்ததாகக் காட்டினாலோ, நாளைக்கு நோட்டீஸ் வரும்போது அந்த மனிதர் இந்தக் கதையிலேயே இருக்க மாட்டார். ரிட்டர்னில் உள்ளதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இனி உண்மையான போட்டி: ஈஏ, சிபிஏ. ஈஏ, அதாவது 'என்ரோல்டு ஏஜென்ட்' என்பது மத்திய அரசு தரும் உரிமம். மூன்று பகுதித் தேர்வு முழுக்க வரி சம்பந்தமானது. எந்த மாநிலத்தில் இருந்துகொண்டும் வேலை பார்க்கலாம். சிபிஏ உரிமத்தை மாநில வாரியம் தருகிறது. படிப்பு, அனுபவம், நான்கு பகுதித் தேர்வு எல்லாம் சேர்ந்தது. அதில் ஆடிட், நிதிக் கணக்கு, வரி எல்லாம் வரும். ஐஆர்எஸ் முன் உங்களுக்காகப் பேசும் உரிமையில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. 2848 படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆடிட், அப்பீல் எதற்கும் வரலாம். வெறும் பிடின் மட்டும் உள்ளவரால் அது முடியாது.

ஆக, சம்பளக்காரர்கள் 'சிபிஏதான் வேண்டும்' என்று பிடிவாதமாக நிற்பதில் அர்த்தமில்லை. வாழ்நாள் முழுக்க கம்பெனி ஆடிட் பார்த்த சிபிஏ ஒருவருக்கு என்ஆர்இ கணக்கு என்றாலே புதுசாக இருக்கலாம். இந்தியர்களின் ரிட்டர்னையே வருடா வருடம் பார்க்கும் ஈஏ இந்தக் குடும்பத்துக்கு அவரைவிட மேல் என்பது என் கட்சி.

இதைப் போனிலேயே சோதித்துவிடலாம், மூன்று கேள்வி போதும். வேளச்சேரி ஃபிளாட்டுக்குத் தேய்மானம் எத்தனை வருடக் கணக்கு? 27.5 என்று பதில் வந்தால் அது அமெரிக்க வீட்டுக்கானது. வெளிநாட்டில் உள்ள வாடகை வீட்டுக்கு 30. 2018-க்கு முன்பே வாடகைக்கு விட்டிருந்தால் 40. அடுத்து, இந்திய மியூச்சுவல் ஃபண்டை என்ன செய்வீர்கள்? "விற்றால் பார்த்துக்கலாம்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். அமெரிக்க வரிச் சட்டத்தில் அவை பிஃபிக் எனப்படும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவன வகை. பொதுவாக ஒரு ஃபண்டுக்கு ஒரு 8621. எதுவும் செய்யாமல் இருந்து பிறகு விற்றால், லாபத்தை வைத்திருந்த வருடங்களுக்கெல்லாம் பிரித்து, பழைய வருடங்களின் பங்குக்கு அந்தந்த வருடத்தின் உச்ச விகிதமும் வட்டியும் போடுவார்கள். மொத்த மதிப்பு குறைவாக இருந்தால், அதாவது தம்பதிக்கு 50,000 டாலர் வரை, எதையும் விற்காத வருடத்தில் பொதுவாக விலக்கு உண்டு. வருடக் கடைசி மதிப்பை வைத்து வருடா வருடம் வரி கட்டும் மார்க்-டு-மார்க்கெட் முறையை எந்த வருடம் எடுக்கலாம் என்று தானாகவே பேச்சை எடுப்பவர் விஷயம் தெரிந்தவர். மூன்றாவது, இந்தியாவில் கட்டிய வரிக்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் கிடைக்குமா? கிடைக்காது. மத்திய வரியில் 1116 படிவம் மூலம் கிடைக்கும், மாநிலத்தில் இல்லை. கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். "ரெண்டு பக்கமும் வாங்கிடலாம் சார்" என்பவர் விற்பனைக்காரர்.

நல்லவர் உங்களிடம் திருப்பிக் கேட்பார். இந்திய நிதியாண்டு ஏப்ரலில் ஆரம்பிக்கிறது, அமெரிக்கக் கணக்கு ஜனவரியில். எனவே வருட மொத்தத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் மாதவாரியாக வட்டி, வாடகை கேட்பார். என்ஆர்இ வட்டி இந்தியாவில் வரியில்லாதது, இங்கே முழுக்க வருமானம். வெளிநாட்டுக் கணக்குகளை அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் பற்றியும் கேட்பார்: இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் போட வேண்டும். அது ரிட்டர்னோடு போவதில்லை. ஃபின்சென் என்ற அரசு அமைப்பின் தளத்தில் தனியாக, இலவசமாக நீங்களே போடலாம். ஊரில் அப்பாவோடு சேர்ந்து வைத்த ஜாயின்ட் கணக்கும் அதில் சேரும், நாம் மறப்பது அதைத்தான்.

சிபிஏ கட்டாயம் தேவைப்படும் இடமும் இருக்கிறது. கிரீன் கார்டு வந்தபின் மளிகைக் கடையோ உணவகமோ ஆரம்பிக்கிறீர்கள் என்றால் சேல்ஸ் டாக்ஸ், சம்பளப் பட்டியல், மாதக் கணக்கு, மார்ச் 15-இல் எஸ்-கார்ப் வகைக் கம்பெனிக்கான ரிட்டர்ன் என்று வேலை பெருகும். இதில் பலதை ஈஏவும் செய்வார். ஆனால் வங்கியோ முதலீட்டாளரோ ஆடிட் செய்த நிதிநிலை அறிக்கை கேட்டால் சிபிஏ கையெழுத்துதான் செல்லும். பல வருடம் எஃப்பாரே போடாமல், அதுவும் தெரிந்தே விட்டவர்கள் மட்டும் இருவரிடமும் போகாமல் முதலில் வரி வக்கீலிடம் போக வேண்டும். கிரிமினல் வழக்கு என்று வந்தால் வக்கீலிடம் பேசியதற்கு உள்ள பாதுகாப்பு மற்றவர்களிடம் பேசியதற்குக் கிடையாது.

சிபிஏ என்று சொல்பவரை சிபிஏவெரிஃபை தளத்திலோ மாநில வாரியத்தின் பக்கத்திலோ தேடிப் பாருங்கள். ஈஏ, சிபிஏ இரண்டுக்கும் ஐஆர்எஸ்ஸின் தயாரிப்பாளர் பட்டியல் இருக்கிறது. கட்டணத்தை மணிக்கணக்கில் இல்லாமல் படிவக் கணக்கில் எழுதி வாங்குங்கள். நான்கு ஃபண்ட் என்றால் நான்கு 8621-க்கான தொகையோடு. வேலையை ஹைதராபாத்துக்கோ சென்னைக்கோ அனுப்பிச் செய்தால் அதற்கு முன்பே உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளை நீட்டாமலேயே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுவிடுங்கள்.

மார்ச்சில் போய் நின்றால் நல்லவர்கள் யாரும் புது ஆளைச் சேர்க்க மாட்டார்கள்; நவம்பரிலேயே பேசி வையுங்கள். தாமதமானால் அவகாசம் கேட்கும் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை இழுக்கலாம், ஆனால் வரிப் பணத்தை ஏப்ரல் 15-க்குள் கட்டிவிட வேண்டும். பழைய ஆளை விட்டு வரும்போது ரிட்டர்ன் பிடிஎஃப் மட்டும் போதாது. ஃபிளாட்டின் தேய்மான அட்டவணை, மிச்சமிருக்கும் 1116 கிரெடிட், பழைய 8621-கள், இவற்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.