மோட்டார் பார்க்வேயா, ப்ரூக்லேண்ட்ஸா?

பழைய கார் ரேஸ் ரோட்டோட மிச்சத்தைப் பாக்கணும்னா ரெண்டுல எது? என் ஓட்டு நியூயார்க் லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வேக்குத்தான்.

1904ல வாண்டர்பில்ட் கப்ங்கிற கார் ரேஸ் அங்க ஊர் ரோட்டுலயே நடந்துச்சு, ஜனங்க தடுப்பே இல்லாம ரோட்டுக்குள்ளயே வந்து நிப்பாங்க, 1906ல ஒருத்தர் அடிபட்டு செத்துட்டாரு, அப்புறம்தான் அந்த ரேஸை ஆரம்பிச்ச கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் ஜூனியர் காருக்குன்னே தனியா இந்த பார்க்வேங்கிற கான்கிரீட் ரோடு போட்டு 1908ல திறந்தாரு, குறுக்க வர்ற ரோட்டுக்கெல்லாம் பாலம், உள்ள போக டோல். ஆனா 1910லயும் சாவு விழுந்ததால அங்க ரேஸே நின்னுபோச்சு, 1938ல ரோட்டையும் மூடிட்டாங்க.

இங்கிலாந்து ப்ரூக்லேண்ட்ஸ் 1907லயே வந்த தனி டிராக், சாஞ்சு நிக்கிற அந்த கான்கிரீட் சுவர் கிட்டத்தட்ட 30 அடி, பாத்தா மிரண்டுடுவோம். மியூசியமும் இருக்கு, டிக்கெட் உண்டு.

பார்க்வேல அந்த பிரம்மாண்டம் கிடையாது. நியூயார்க்கோட க்வீன்ஸ் பகுதில கன்னிங்ஹாம் பார்க்லேர்ந்து ஆலி பாண்ட் பார்க் வரைக்கும் இப்ப சைக்கிள் பாதை, 73வது அவென்யூ மேல பழைய கான்கிரீட் பாலத்துலயே ஏறி நடக்கலாம், காசே வேணாம். கார் மட்டும்தான் வராது!