பங்கு போட்டுச் சுமப்பதா, ஆளுக்கொரு முழு மூட்டையா?

நான்கு நண்பர்கள் சேர்ந்து நெடிய முகட்டுப் பாதை ஒன்றுக்குக் கிளம்புகிறார்கள் என்றால், பேக் கட்டும்போதே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். டென்ட், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் பொதுவில் வைத்துப் பிரித்துத் தூக்கலாம் என்பது ஒரு கட்சி. அவரவருக்கு வேண்டியதை அவரவரே சுமக்கட்டும் என்பது இன்னொரு கட்சி. பங்கு போட்டால் எடை குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முகட்டில் எல்லாரும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஏற்றத்தில் ஒருவர் முன்னே போய்விடுவார், இறக்கத்தில் முட்டி வலிக்காரர் பின்தங்குவார், நடுவில் மேகம் இறங்கி மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் யார் பையில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு பொருளையும் பார்ப்பேன்.

டென்ட்தான் பெரிய தலைவலி. இருவர் படுக்கும் டென்ட் 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 1 கிலோ. ஒருவருக்கான டென்ட் 1.2 அல்லது 1.3 கிலோவில் கிடைக்கிறது. ஆக, பங்கு போட்டு மிச்சம் பிடிப்பது 200, 300 கிராம். அதற்காக ஒருவர் கம்பிகளையும் மேல்விரிப்பையும், மற்றவர் உள்கூடாரத்தையும் தூக்குவது வழக்கம். இருவரும் சேர்ந்தே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பிரிந்துவிட்டால் ஒருவரிடம் துணி, இன்னொருவரிடம் கம்பி, இருவருக்கும் கூரை இல்லை.

இட வசதியிலும் தனி டென்ட் ஒரு படி மேல். முகட்டில் சமதளம் கிடைப்பதே அரிது. பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவுக்குத் துண்டு துண்டாகத்தான் இடம் இருக்கும். இருவர் மூச்சுவிடும் டென்டில் விடிவதற்குள் உள்பக்கம் ஈரம் பூத்து, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டை நனைத்துவிடும். குறட்டையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பொது டென்டின் பக்கம் நியாயம் பேச வேண்டுமானால், கடுங்குளிரில் இருவர் சூடு உதவும். பலத்த காற்றில் கூடாரம் கட்ட நான்கு கை இருந்தால் நிம்மதி. இருவர் டென்ட்தான் என்று முடிவானால் அதைப் பிரிக்காமல் ஒருவரே முழுதாகத் தூக்கட்டும், மற்றவர் அதே எடைக்குச் சாப்பாட்டைத் தூக்கட்டும். டென்ட் இல்லாதவர் பையில் அவசரத்துக்கு ஒரு பிவி பை, அதாவது வெட்டவெளியிலும் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் நீர்புகா உறை, கட்டாயம் இருக்க வேண்டும்.

பாதையைப் பொறுத்தும் இந்தக் கணக்கு மாறும். அமெரிக்காவின் ஆப்பலாச்சியன் டிரெயிலில் சுமார் 3,500 கிலோமீட்டருக்கு 250க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் உண்டு. ஆனால் குடிலில் இடம் இருக்கும் என்று நம்பி டென்ட் இல்லாமல் போக முடியாது. பிரான்ஸைச் சேர்ந்த கோர்சிகா தீவின் ஜிஆர்20 மலைப்பாதை சுமார் 180 கிலோமீட்டர். அங்கே கண்ட இடத்தில் டென்ட் போடக் கூடாது, மலைவிடுதிகளை ஒட்டித்தான் போட வேண்டும். ராத்திரி எல்லாரும் எப்படியும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டியிருப்பதால், அந்த மாதிரிப் பாதையில் பொது டென்ட் அவ்வளவு ஆபத்தில்லை.

அடுப்பில் எனக்குக் குழப்பமே இல்லை, பங்குதான். நான்கு பேருக்கு நான்கு ஸ்டவ், நான்கு கேஸ் கேனிஸ்டர் என்பது வீண் சுமை. அதற்காக ஒன்றே ஒன்று போதும் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு பைகளில். கேனிஸ்டரில் என்ன கலவை இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண பியூட்டேன் உறைநிலை அருகிலேயே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 டிகிரி வரை தாங்கும், புரோபேன் மைனஸ் 42 வரை. உயரம் கூடக் கூட, 1,000 மீட்டருக்கு ஆறேழு டிகிரி வெப்பம் குறையும் என்பதை மறக்க வேண்டாம். ராத்திரி கேனிஸ்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் காலையில் காபி சீக்கிரம் கிடைக்கும்.

தண்ணீருக்கு நேர்மாறு. முகட்டில் ஊற்று இருக்காது. கணவாய்க்கோ பக்கவாட்டுச் சரிவுக்கோ இறங்கித்தான் பிடிக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர மாட்டார்கள். ஃபில்டர் ஒருவரிடம் மட்டும் இருந்தால் மற்ற மூவரும் ஓடையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். நூறு கிராம்கூட வராத சின்ன ஃபில்டரை ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம்? நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் அதுவும் ராத்திரி படுக்கைக்குள்தான்.

சாப்பாட்டில் இரண்டையும் கலக்கலாம். ராத்திரிச் சமையல் பொது, பகல் தீனி தனி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 700, 800 கிராம் உலர் உணவு ஆகும். பொதுச் சாப்பாட்டு மூட்டையை யார் தூக்குகிறாரோ அவர் பைதான் தினமும் வேகமாக இளைக்கும், எனவே டென்ட் தூக்குபவரோடு அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் முகம் திருப்பல் ஆரம்பமாகும்.

வரைபடம், தலையில் மாட்டும் ஹெட்லைட், மழைக்கோட்டு, முதலுதவியில் அடிப்படைப் பொருட்கள் எல்லாம் தனித்தனிதான், பேச்சே இல்லை. இடி இடித்தால் குழுவாக ஒட்டி நிற்காமல் முகட்டை விட்டு இறங்கி, ஆளுக்கு ஆள் 15 மீட்டராவது விலகி நிற்க வேண்டியிருக்கும். அப்போது மழைக்கோட்டு அடுத்தவர் பையில் இருந்தால் அவ்வளவுதான். செயற்கைக்கோள் தகவல் கருவி மட்டும் குழுவுக்கு ஒன்று போதும். அதை முன்னால் ஓடும் ஆளிடம் கொடுக்காமல், கடைசியில் வருபவர் பையில் போடுங்கள்.