நிஹாரி கிடைக்காத ஊரில் என்ன சாப்பிடுவது

2003-ல் ஷார்ஜா போனேன். பத்தொன்பது வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு 2022-ல் தக்கலைக்குத் திரும்பினேன். வீடு, முதுகுவலி, ஒரு பெட்டி நிறைய போர்வை, இதெல்லாம் கல்ஃபிலிருந்து வருகிற எல்லாரும் கொண்டு வருவதுதான். எனக்குக் கூடுதலாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பாகிஸ்தான் சாப்பாட்டு ருசி.

லாரிகள் நிற்கிற இடத்தில் பாகிஸ்தான் பட்டான்களின் ஹோட்டல்கள்தான் இருக்கும். சுபுஹு தொழுதுவிட்டு நேராக அங்கே போவோம். ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்த நிஹாரி அண்டாவைத் திறப்பார்கள். மாட்டின் கால் தசையும் எலும்புக்குள் இருக்கும் ஊனும் கரைந்து, கோதுமை மாவு சேர்ந்து கெட்டியான குழம்பு. மேலே குச்சி குச்சியாக இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை. தொட்டுக்கொள்ளும் 'நான்' ரொட்டி முழங்கை நீளம் இருக்கும். நஹார் என்றால் அரபியில் பகல். விடியும்போது சாப்பிடுவதால் நிஹாரி. பழைய டெல்லிச் சாப்பாடு, 1947-க்குப் பிறகு ஆட்களோடு கராச்சிக்குப் போனது என்று எங்கள் அறையில் இருந்த பெஷாவர்க்காரர் சொல்வார். அவரை லாலா என்றுதான் கூப்பிடுவோம், பட்டான்களின் பஷ்தோ மொழியில் அண்ணன். துபாய்க்கு லோடு போனால் சத்வாவில் இருக்கும் ராவி ரெஸ்டாரண்டுக்கு என்னை இழுத்துப் போவதும் அவர்தான். 1978-லிருந்து நடக்கிற கடை.

இந்த நாக்கை வைத்துக்கொண்டு தக்கலையில் என்ன செய்ய? பெறோட்டாவும் பீஃபும் நம்ம ஊரில் கிடைப்பதுபோல எங்கும் கிடைக்காது, அதில் எனக்குச் சண்டை இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருக்கிற ஊரில் பட்டினி கிடந்தேன் என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் அந்தப் பழைய பசி வரும்.

அப்படி ஒரு நாள்தான் சுவாமியார்மடம் தாண்டி மார்த்தாண்டம் போகிற ரோட்டில் இந்தக் கடையைப் பார்த்தேன். பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நடத்துகிற பையன்கள் உழைக்கிறவர்கள். மெனு கார்டில் ஏமன், சவுதி, துருக்கி, ஆப்கானிஸ்தான், இந்தோனேசியா என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் பெஷாவரி கடாய், லாகூரி சிக்கன் என்று இரண்டு. இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை மச்சானும் நானும், இரண்டாவது குடும்பத்தோடு, மூன்றாவது தனியாக.

முதல் நாள் எதை ஆர்டர் செய்திருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். பெஷாவரி கடாய், மட்டன், 340 ரூபாய்.

லாலா கடாய் செய்வதை நூறு தடவையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கொழுப்பை உருக்குவார். இறைச்சியும் உப்பும் போட்டு நிறம் மாறும் வரை புரட்டுவார். தக்காளியை இரண்டாக வெட்டிக் கவிழ்த்து மூடுவார். கொஞ்ச நேரத்தில் தோல் தனியாகக் கழன்று நிற்கும், அதை இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு மசிப்பார். பச்சை மிளகாய், மிளகு. முடிந்தது. வெங்காயம் இல்லை, மஞ்சள் இல்லை, மல்லிப்பொடி இல்லை. தக்காளியும் கொழுப்பும் சேர்ந்து சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்.

இங்கே வந்தது சின்னச் செம்புச் சட்டியில் ஆரஞ்சு நிறக் குழம்பு. முந்திரி விழுது, மேலே ஒரு கோடு கிரீம், சதுரம் சதுரமாகக் குடமிளகாய். இனிப்பு. எந்த ஊரிலும் கல்யாண ரிசப்ஷனில் கிடைக்கிற கடாய் கிரேவி, பாஸ்போர்ட் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். படம் எடுத்து லாலாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே வரியில் குரல் செய்தி வந்தது: "யே ஷிம்லா மிர்ச் கிஸ்னே டாலா?" குடமிளகாயை யார் போட்டது என்று கேட்கிறார். மச்சானுக்கு மட்டும் பிடித்திருந்தது, வழித்துச் சாப்பிட்டான். அவன் பெஷாவர் போனதில்லை.

எழுந்து போயிருப்பேன். மச்சான்தான் பக்கத்து மேசையில் மந்திச் சோற்றைப் பார்த்துவிட்டு, அதையும் ஒரு கை பார்ப்போம் என்றான். அதில்தான் இந்தக் கடையின் குணம் தெரிந்தது. பாகிஸ்தான் பெயர் போட்ட சாப்பாட்டில் அந்த ருசி இல்லை, அதற்கு உறவுமுறையான மற்ற நாட்டுச் சாப்பாடுகளில் இருக்கிறது.

மட்டன் மந்தி, அரை, 780 ரூபாய். மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். மந்தி ஏமனில் ஹத்ரமவுத் பக்கத்துச் சாப்பாடு. குழிக்குள் கனல், அதன்மேல் அரிசிப் பாத்திரம், அதற்கும் மேலே கம்பித்தட்டில் இறைச்சி, காற்றுப் போகாமல் மூடி. இறைச்சியிலிருந்து சொட்டுகிற கொழுப்பும் சாறும் சோற்றில் இறங்கும். பனியைக் குறிக்கிற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள், அந்த ஈரம்தான் பக்குவம். மிளகாய்க் காரம் கிடையாது. ஏலம், பட்டை, மிளகு, உலர்ந்த எலுமிச்சை, அவ்வளவே.

கேரளக் கரையிலிருந்து வந்த குழிமந்தி இப்போது களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை ரோட்டோரமெல்லாம் கிடைக்கிறது. பாதிக் கடைகளில் குழியே கிடையாது, குக்கரில் வேகவைத்து ஒரு துண்டு கரியை வைத்துப் புகை காட்டிவிடுவார்கள். அதனால் இங்கே நேராகவே கேட்டேன், குழியைக் காட்டுவீர்களா என்று. மலப்புறத்துச் சமையல்காரர் சந்தோஷமாகப் பின்பக்கம் கூட்டிப் போனார். செங்கல் வைத்துக் கட்டிய உண்மையான குழி, ஆள் இடுப்பளவு ஆழம். ரப்பர் விறகா என்றேன். முகம் சுளித்தார். புளிய விறகும் சிரட்டைக் கரியும்தானாம்.

பாகிஸ்தானில் பலூச்சி மக்கள் செய்கிற சஜ்ஜி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு, வெறும் உப்பும் நெருப்பும் போட்ட அந்த ஆட்டு ருசி இதில் கிடைக்கும். இறைச்சி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைக்கிற யக்னி புலாவ் பிடித்தவர்களுக்குச் சோறு பிடிக்கும். எலும்பைத் தட்டினால் இறைச்சி தானாக விழுகிறது. மேலே பொரித்த வெங்காயமும் திராட்சையும் அள்ளிக் கொட்டவில்லை, அதற்கே ஒரு நன்றி. தொட்டுக்கொள்ள தக்காளியும் பச்சை மிளகாயும் பூண்டும் அரைத்த சஹாவிக் தருகிறார்கள். அதைத்தான் இரண்டாவது தடவை கேட்டு வாங்க வேண்டும். கூடவே ஒரு கிண்ணம் மயோனைஸ் வரும், அது நம்ம ஆட்கள் கிளப்பிவிட்ட பழக்கம். பச்சை முட்டை மயோனைஸுக்கு தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதே, இது என்ன என்று கேட்டேன். முட்டை இல்லாதது என்றார்கள். எனக்கு எப்படியும் வேண்டாம், தள்ளி வைத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை, வெள்ளிக்கிழமை ராத்திரி, ஹரீஸ். ஒரு கிண்ணம் 160 ரூபாய். கராச்சி ஹலீமுக்கு மூத்தது இது. கோதுமையும் இறைச்சியும் உப்பும் மணிக்கணக்கில் வெந்து, அடித்து அடித்து இரண்டும் ஒன்றாகிப்போகும். ஹலீம் இந்தியாவுக்கு வந்து பருப்பும் மசாலாவும் சேர்த்துக்கொண்டது, ஹரீஸ் அரபு நாட்டில் அப்படியே இருந்துவிட்டது. 2023-ல் அமீரகம், ஓமான், சவுதி மூன்றும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். ஹலீம் பிரியர்கள் முதல் வாயில் ஏமாந்து போவார்கள். சப்பென்று இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. கொஞ்சம் இஞ்சியும் எலுமிச்சையும் பொரித்த வெங்காயமும் தனியாகக் கேட்டு வாங்கி மேலே போடுங்கள். அரபிகள் பார்த்தால் திட்டுவார்கள், ஆனால் நாக்கு கராச்சிக்குப் போய்விடும். என் மனைவி ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டு, "நோன்புக் கஞ்சியை வத்த வச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள். அப்புறம் கிண்ணம் அவள் பக்கம் நகர்ந்துவிட்டது.

அன்றைக்கு அதானா கபாபும் எடுத்தோம், 280 ரூபாய். சீக் கபாப் பிடித்தவர்கள் சாப்பிட வேண்டியது இது. துருக்கியில் அதானா நகரத்தின் பெயரில் புவிசார் குறியீடு வாங்கியது. பிறை மாதிரி வளைந்த பெரிய கத்தியால் ஆட்டிறைச்சியையும் வால் கொழுப்பையும் சேர்த்துக் கையாலேயே கொத்துவார்கள். சிவப்பு மிளகாய், உப்பு. சீக் கபாபில் போடுகிற கரம் மசாலா இதில் கிடையாது. இங்கே அது சரியாக வரவில்லை. வால் கொழுப்பு நம்ம ஊர் ஆட்டுக்கு எங்கே இருக்கிறது? வாலே விரல் நீளம்தான். மிஷினில் அரைத்த இறைச்சி, கொழுப்புக் குறைவு, கம்பியிலிருந்து எடுத்ததும் உடைந்தது. காரமும் புகையும் நன்றாக இருந்தன. 200 ரூபாய் என்றால் மறுபடி கேட்பேன்.

காபூலி புலாவ் சர்ச்சைக்குரிய தட்டு. பெஷாவரில் லாலா வீட்டில் விசேஷத்துக்கு இதுதான் என்பார். நீள வாட்டில் சீவிய கேரட்டைச் சீனியில் புரட்டி, திராட்சையோடு சோற்றுமேல் பரப்பி, அடியில் இறைச்சியைப் புதைத்திருப்பார்கள். உஸ்பெக்குகளின் பலாவுக்கு நெருங்கிய உறவு. எனக்கு ரொம்பப் பிடித்தது. வேகாத அரிசி ஒன்று கூட இல்லை, குழையவும் இல்லை. என் மகள் கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்றாள். மச்சான் அன்றைக்கும் வந்திருந்தான், ஒரு கவளத்துக்குப் பிறகு, "பாயாசத்துல எறச்சி போட்டது யாரு மச்சான்?" என்று கேட்டு எனக்கே தட்டைத் தள்ளிவிட்டான். இனிப்பும் இறைச்சியும் சேர்ந்தால் ஆகாது என்பவர்கள் 320 ரூபாயை மிச்சப்படுத்துங்கள்.

ஷவர்மா, கப்ஸா, குனாஃபா எல்லாம் இருக்கிறது. மோசமில்லை, இதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

பெரிய குறை ரொட்டிதான். தந்தூர் அடுப்பு இல்லை. பாக்கெட்டில் வருகிற அரபு ரொட்டி, குப்பூஸ், அதைச் சூடு காட்டித் தருகிறார்கள். கேட்டால் பெறோட்டா போட்டுத் தருவார்கள், அது நம்ம ஊர்ப் பெறோட்டா, சந்தேகமே வேண்டாம். வெள்ளி, ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு மேல் போனால் டோக்கன் எடுத்து வெளியே நிற்க வேண்டும். நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம், பிளாஸ்டிக் நாற்காலி நாலுதான். கார் நிறுத்தும் இடம் ஆறு வண்டிக்கு நெருக்கிப் பிடிக்கும், லாரி ஓட்டின எனக்கே ரிவர்ஸ் எடுக்க வியர்த்தது. கடைசியில் ஒரு சுலைமானி, பால் இல்லாத டீ, 15 ரூபாய், அது குடிக்காமல் கிளம்பாதீர்கள்.

மூன்றாவது தடவை போனது ரெண்டாங்குக்காக. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் செய்கிறார்கள், 260 ரூபாய். பாகிஸ்தானுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துத்தான் அதுவரை அதைக் கண்டுகொள்ளவில்லை. மேற்கு சுமத்ராவில் மினாங்கபாவ் மக்களின் சமையல். மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காக வேகவிட்டு, பால் வற்றி, எண்ணெய் கக்கி, அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கறுக்கும். எலுமிச்சைப்புல் இருக்கும், சித்தரத்தைக்கு அண்ணன் மாதிரி ஒரு கிழங்கு இருக்கும். சிலர் வறுத்த தேங்காயை அரைத்தும் சேர்ப்பார்கள்.

புனா கோஷ்த் சாப்பிட்டிருக்கிறீர்களா? குழம்பே இல்லாமல் மசாலா இறைச்சியோடு ஒட்டும் வரை வறுத்தெடுப்பது. அந்த வறுவல் இதில் இருக்கிறது, கூடவே நம்ம வீட்டு வாசனையும். எனக்கு நிஹாரி ஞாபகம் வந்தது, ஏன் என்று யோசித்தேன். இறைச்சிதான். அதே கால் தசை, நாரும் ஜவ்வும் உள்ள துண்டு, அவசரப்படாமல் விட்டால் மட்டுமே இளகுகிற துண்டு. சமையல்காரர் நாலு மணி நேரம் அடுப்பில் வைத்தாராம். நம்பலாம்.

கடையில் பாதி சாப்பிட்டேன், பாதியைப் பார்சல் கட்டினேன். இது மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும், ஒரு ராத்திரி வைத்துச் சூடு பண்ணுங்கள். திங்கள்கிழமை காலை உம்மா அதைப் புட்டில் பிசைந்து சாப்பிட்டாள். இது என்ன கறி என்று கேட்டாள். ரெண்டாங், இந்தோனேசியாவில் மினாங்கபாவ் என்று ஒரு ஜனம் இருக்கிறது, அவர்கள் செய்வது என்று விளக்கினேன்.

"வறுத்தரச்ச எறச்சிக்கு எதுக்கு மக்களே இவ்வளவு பெரிய பேரு?" என்றாள்.