ஈ-கோர்ட்ஸ் ஆப்: குழந்தைக் கடத்தல் கேஸ்ல சார்ஜ் ஃப்ரேம் ஆச்சான்னு போன்லயே பாக்கலாம்

புள்ளைய மீட்டாச்சு, ஆளுங்கள புடிச்சாச்சுன்னு பேப்பர்ல வந்ததுக்கு அப்புறம் அந்த கேஸ் எங்க நிக்குதுன்னு யாரும் பாக்கறதில்ல, பல நேரம் பெத்தவங்களுக்கே தெரியறதில்ல. நான் வக்கீல் கிடையாது, மீட்கப்பட்ட புள்ளைங்களோட குடும்பத்துக்குத் துணையா கோர்ட்டுக்குப் போய் வர்ற ஆளு. அந்த அனுபவத்துல சொல்றேன், இந்த ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப் அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டு போன்லயும் இருக்கணும். சுப்ரீம் கோர்ட் ஈ-கமிட்டியும், மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசியும் சேந்து கொண்டு வந்தது, ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும் இருக்கு, காசு கிடையாது.

எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டாலே விசாரணை ஆரம்பிச்சிருச்சுன்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க. இல்லங்க. ஜட்ஜ் பேப்பரெல்லாம் பாத்து, ரெண்டு பக்கமும் கேட்டு, இன்னின்ன செக்‌ஷன்ல உங்க மேல குற்றச்சாட்டுன்னு எதிரிங்களுக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவங்களுக்குப் படிச்சுக் காட்டி, ஒத்துக்கறீங்களா இல்லையான்னு கேட்டு எழுதினாதான் சார்ஜ் ஃப்ரேம் ஆச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம்தான் சாட்சி. இந்த கட்டத்துல குற்றம் நிரூபணம் ஆகணும்னு அவசியம் இல்ல, பலமான சந்தேகம் இருந்தா போதும். ஆனா கடத்தல் கேஸ்கள் இங்கதான் மாட்டிக்கிட்டு கெடக்கும். எதிரிங்க நிறைய பேரு, வேற வேற ஊரு, ஒருத்தன் வந்தா ஒருத்தன் வரமாட்டான், காப்பி குடுக்க ஒரு வாய்தா, பிடிவாரண்டுக்கு ஒரு வாய்தா, கேஸ்ல இருந்து எங்கள விடுவிங்கன்னு போடற டிஸ்சார்ஜ் பெட்டிஷனுக்கு ஒரு வாய்தா, இப்படியே போயிட்டிருக்கும்போது புள்ளைக்கு நடந்தது பாதி மறந்துரும், அப்பா அம்மா வேற ஊருக்கு வேலைக்குப் போயிருவாங்க.

வாரணாசி கேஸ் இதுக்கு பெரிய உதாரணம். ரோட்டோரம் படுத்திருந்த குடும்பங்களோட கொழந்தைங்கள தூக்கிட்டுப் போய் வித்த கேஸ் அது. ஜாமீன்ல வந்தவங்கள்ல சிலர் ஆளே காணோம். 2025 ஏப்ரல் 15ல சுப்ரீம் கோர்ட்ல நீதிபதிங்க பர்திவாலா, மகாதேவன் ரெண்டு பேரும் 13 பேரோட ஜாமீனை ரத்து பண்ணி, ரெண்டு வாரத்துல கேஸ மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல இருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு மாத்தி விடுங்க (இதத்தான் கமிட் பண்றதுன்னு சொல்வாங்க), அதுக்கப்புறம் ஒரு வாரத்துல சார்ஜ் ஃப்ரேம் பண்ணுங்க, ஆறு மாசத்துல விசாரணைய முடிங்கன்னு உத்தரவு போட்டாங்க. ஒரு வாரம்! அப்படின்னா மனசு வச்சா முடியும்தானே. எல்லா ஹைகோர்ட்டும் அவங்க மாநிலத்துல நிலுவைல இருக்கற குழந்தைக் கடத்தல் கேஸ் விவரத்த வாங்கி, ஆறு மாசத்துல முடிக்கச் சொல்லணும்னும் அதே தீர்ப்புல இருக்கு.

சரி, ஆப்புக்கு வர்றேன். ஒவ்வொரு கேஸுக்கும் தனியா இருக்கற, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் இருந்தா நேரா கேஸ் வந்துரும், இல்லாட்டி ஸ்டேஷன் பேரு, எஃப்ஐஆர் நம்பர், வருஷம் வச்சு தேடலாம். அடுத்த வாய்தா தேதி, எதுக்காக வாய்தா எல்லாம் வரும். எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கறது கேஸ் ஹிஸ்டரிதான், ஒவ்வொரு தேதியையும் தொட்டா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி வரும், அதுல யாரு வரல, எதுக்கு தள்ளி வச்சாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். "ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜஸ்"னு போட்டு வாய்தா மேல வாய்தா விழுந்துட்டே இருந்தா, அப்பவே பிபிய, அதாவது அரசு வக்கீலப் போய் பாக்கணும். கிரிமினல் கேஸ் நடத்தற முறைக்கான புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல செஷன்ஸ் கேஸுக்கு, சார்ஜ் சம்பந்தமான முதல் ஹியரிங்ல இருந்து 60 நாளுக்குள்ள ஃப்ரேம் பண்ணணும்னு இருக்கு, டிஸ்சார்ஜ் கேக்கறதுன்னா கமிட்டல் ஆன 60 நாளுக்குள்ள கேக்கணும். தேதிய காட்டி பேசுனா கேக்கற விதமே வேற.

நம்ம ஊரு ஆளுங்க ஒண்ணு கவனிங்க. மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல பிஆர்சி (கமிட் ஆகறதுக்கு முந்தின பதிவு) நம்பர்ல இருக்கற கேஸ், கமிட் ஆனதும் செஷன்ஸ்ல எஸ்சி (செஷன்ஸ் கேஸ்) நம்பரா மாறும், சிஎன்ஆரும் மாறிடும். ஆப்ல பழைய நம்பர்ல "டிஸ்போஸ்டு"ன்னு காட்டும். அதப் பாத்துட்டு கேஸே முடிஞ்சுபோச்சுன்னு அழுத அம்மாவ நான் பாத்திருக்கேன். முடியல, மேல போயிருக்கு, புது நம்பர வாங்கி மறுபடி சேவ் பண்ணிக்குங்க. போக்சோ (குழந்தைங்க மேல பாலியல் குற்றம்) கேஸ்னா கமிட்டல் கிடையாது, நேரா ஸ்பெஷல் கோர்ட்.

செக்‌ஷன் வர்ற எடத்தையும் பாருங்க. குற்றத்துக்கும் தண்டனைக்குமான புது சட்டமான பிஎன்எஸ்ல 137 மட்டும் இருந்தா அது ஆளத் தூக்கிட்டுப் போனது (கிட்னாப்பிங்) மட்டும்தான், அதிகபட்சம் 7 வருஷம். வித்ததுக்கு, சுரண்டறதுக்கு கொண்டு போனதுக்கு 143 இருக்கணும், ஒரு கொழந்தைன்னா கொறஞ்சது 10 வருஷம், ஒண்ணுக்கு மேலன்னா 14, ரெண்டுலயும் ஆயுள் வரைக்கும் போகலாம். 2024 ஜூலைக்கு முன்னாடி நடந்ததுன்னா பழைய சட்டமான ஐபிசில 370. ஆப்ல காட்டறது போலீஸ் போட்ட செக்‌ஷன், ஜட்ஜ் கடைசியா எத எழுதினாருன்னு ஆர்டர்லதான் தெரியும். விட்டுப்போயிருந்தா தீர்ப்புக்கு முன்னாடி எப்ப வேணா சார்ஜ மாத்த, சேக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு, பிஎன்எஸ்எஸ் 239.

குறைன்னா, விவரமெல்லாம் இங்கிலீஷ்ல, அதுவும் கோர்ட் இங்கிலீஷ், படிக்காத அப்பா அம்மாவுக்கு கூட ஒருத்தர் ஒக்காந்து சொல்லணும். எல்லா கோர்ட்லயும் ஆர்டர் ஒரே மாதிரி ஏத்தறதும் இல்ல. சில எடத்துல அன்னிக்கே வரும், சில எடத்துல தேதி மட்டும்தான். சின்னதா தமிழ்ல ஒரு விளக்கம் சேத்தாங்கன்னா எவ்ளோ பெரிய உதவி. 5க்கு 4 குடுக்கறேன்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குரூப்ல போடாதீங்க, கொழந்தையோட அடையாளம் தெரியற மாதிரி எதுவும் வெளிய போகக்கூடாது, ஜேஜே சட்டம் (சிறார் நீதி சட்டம்) 74 அத தெளிவா தடுக்குது. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா சட்ட உதவிக்கு 15100க்கு கூப்பிடுங்க. அப்புறம் "மை கேசஸ்"ல சேவ் பண்றது உங்க போன்லதான் இருக்கும், போன் மாத்தறதுக்கு முன்னாடி எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்குங்க, சிஎன்ஆர் நம்பர ஒரு நோட்லயும் எழுதி வைங்க.